மௌனத்துக்கு வட்டி உண்டு

கல்யாணப் பத்திரிகை வந்தால், தபால்காரர் தெருமுனை திரும்புவதற்குள் பிரித்துப் பார்த்துவிடுகிறோம். பாங்கியிலிருந்து கடிதம் வந்தால் என்ன செய்கிறோம்? கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, பிரிக்காமலே பூஜை அறைக்குக் கொண்டுபோய்ப் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்துவிடுகிறோம். பகவான் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை போலும்! பகவானுக்கு எத்தனையோ அலுவல்கள். பாங்கிக் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலையையும் அவர் தலையில் கட்டுவது நியாயமல்ல என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

ராஜபாளையத்தில் நமது நண்பர் ஒருவர் வீட்டுப் பஞ்சாங்கத்துக்கு அடியில் இவ்வாறு ஐந்து கடிதங்கள் சேர்ந்திருந்தன. ஆறாவது கடிதம் வந்ததும் நண்பருக்குத் தூக்கம் போய்விட்டது. டெலிபோனில் நம்மைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள்" என்று மட்டும் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே விஷயம் பெரிது என்று தெரிந்துகொண்டு நாம் புறப்பட்டோம்.

ராஜபாளையத்தைப் பற்றி வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே மலை, ஊருக்குள் பஞ்சும் நூலும். 1936-இல் ஸ்ரீ பி. ஏ. சி. ராமசாமி ராஜா நிறுவிய ராஜபாளையம் மில்லுக்குப் பிறகு, பஞ்சாலைத் தொழில் இந்த ஊரின் ஜீவநாடி ஆகிவிட்டது. ஊரிலிருந்து சத்திரப்பட்டிப் பக்கம் போனால் தறிச் சத்தம் காதைத் துளைக்கும். அங்கே நெய்வது பட்டுமல்ல, வேஷ்டியுமல்ல; ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி. நமது நண்பரும் அந்தத் தொழில்தான் செய்கிறார். ஒரு தறிக் கொட்டகை, 12 விசைத்தறிகள், அவற்றை நம்பி எட்டுக் குடும்பங்கள். ஊரார் காயத்துக்கெல்லாம் கட்டுத் துணி நெய்கிறவருடைய காயத்துக்குக் கட்டுப் போட ஆளில்லாமல் போனதுதான் இந்த வாரத்து விஷயம்.

* * *

நண்பர் சூதாடவில்லை, குடிக்கவில்லை, பெண்ணின் கல்யாணத்தில் வாணவேடிக்கை விடவுமில்லை. தறி வாங்குவதற்காக ஒரு கடன், நூல் வாங்குவதற்காக இன்னொரு கடன், ஆக இரண்டு கணக்குகள் பாங்கியில் வைத்திருந்தார். இரண்டுக்கும் ஈடு, தகப்பனார் கட்டிய வீடு.

2020-இல் கோவிட் நோய் பரவியபோது தறிகள் நின்றன. ரிசர்வ் பாங்கி மார்ச்சு மாதம் தொடங்கி ஆகஸ்டு கடைசி வரையில் தவணைகளுக்கு விடுமுறை அளித்தது. தவணைக்குத்தான் விடுமுறை, வட்டி ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. சர்க்கார் உத்தரவாதத்தின் பேரில், இருக்கிற கடனில் ஐந்தில் ஒரு பங்கு மேற்கொண்டு கொடுக்கலாம் என்று அந்த வருஷம் மே மாதத்தில் ஒரு திட்டம் வந்தது. நண்பர் அதையும் வாங்கினார். மூச்சு வந்தது. ஆனால் வந்த மூச்சுக்கும் மாதா மாதம் தவணை கட்ட வேண்டியிருந்தது.

பிறகு 2022. அந்த வருஷம் மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பருத்தியின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிற்று. நூல் விலை அதன் பின்னாலேயே ஏறிற்று. பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட துணியைப் புதிய விலை நூலில் நெய்து கொடுத்தார் நண்பர். அப்புறம் பருத்தி விலை இறங்கியது. இவர் கொட்டகையில் இருந்த நூலோ ஏறின விலைக்கு வாங்கியது. ஏறும்போதும் நஷ்டம், இறங்கும்போதும் நஷ்டம்! இதற்கு மேல், நூலுக்கு ரொக்கம் கொடுக்க வேண்டும். துணியோ கடனுக்குப் போக வேண்டும். வெளியூர் வியாபாரி ஒருவர் ஐந்து மாதமாகியும் பாக்கியைத் தரவில்லை.

"கேட்டீர்களா?" என்றோம்.

"கேட்டால் அடுத்த ஆர்டர் வராதே, அண்ணாச்சி!" என்றார்.

2006-ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டப்படி, சிறு தொழிலாளரிடம் சரக்கு வாங்கியவர் 45 நாளைக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. நிறுத்தினால், ரிசர்வ் பாங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் வட்டிக்கு வட்டியாகக் கொடுக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்திலும் இதற்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள்: உரிய காலத்தில் கொடுக்காத தொகையை அந்த வருஷத்துச் செலவில் கழித்துக்கொள்ள முடியாது. இவ்வளவும் நண்பருக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

தமக்குப் பணம் தர வேண்டியவரிடம் மரியாதைக்காக மௌனம். தாம் பணம் தர வேண்டியவரிடம் வெட்கத்தினால் மௌனம். "பாங்கி மானேஜர் தங்கமான மனுஷர், அண்ணாச்சி. கடைத்தெருவில் எதிரே வந்தால் நான்தான் சந்துக்குள் திரும்பிவிடுவேன்" என்றார் நண்பர். 'மௌனம் கலக நாஸ்தி' என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கலகம் வேண்டுமானால் இல்லாமற் போகலாம். ஆனால் கடன் விஷயத்தில் மௌனத்துக்கு வட்டி உண்டு.

* * *

ஆறு கடிதங்களையும் தேதிவாரியாக அடுக்கிவைத்துப் படித்தோம். நண்பரின் மனைவியும் வந்து உட்கார்ந்தார். அவர் அந்தக் கடிதங்களைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

முதல் கடிதம், தவணை தவறி 30 நாள் ஆயிற்று என்று சொல்லிற்று. இரண்டாவது, 60 நாள். மூன்றாவது, 90 நாள் தாண்டியதால் கணக்கு 'செயல்படாச் சொத்து' ஆகிவிட்டது என்று அறிவித்தது. வாசகர்கள் இந்தப் பெயரைச் சற்றுக் கவனிக்க வேண்டும். நமக்குக் கடனாக இருப்பது பாங்கிக்குச் சொத்து! நாம் இரவெல்லாம் விழித்துக் கிடக்க, அந்தச் சொத்து மட்டும் செயலற்றுத் தூங்குகிறதாம். 2004 மார்ச்சு முதல் நம் நாட்டுப் பாங்கிகளுக்கு இந்த 90 நாள்தான் கெடு. நான்காவதும் ஐந்தாவதும் ஞாபகக் கடிதங்கள். ஆறாவது, 2002-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி அனுப்பிய நோட்டீஸு: 60 நாளுக்குள் மொத்தப் பாக்கியையும் கட்டு, இல்லாவிட்டால் வீடு கைப்பற்றப்படும்.

நண்பரின் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "என் கையெழுத்து வேண்டியிருந்தபோது என்னைக் கூப்பிட்டார், கடிதம் வந்தபோது கூப்பிடவில்லை."

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். நாமும் எதையாவது பார்க்க வேண்டுமே என்று சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தோம். நோட்டீஸின் கெடுவில் 38 நாள் கழிந்து, 22 நாள் பாக்கி இருந்தது.

* * *

"ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் ஒரு தடையுத்தரவு வாங்கிவிட்டால் சரியாய்ப் போய்விடும்" என்று நண்பர் உறுதியாக நம்பினார். விருதுநகர் ஜில்லாவுக்குப் பெயர் கொடுத்தது விருதுநகரானாலும், ஜில்லா நீதிமன்றம் இருப்பது ஆண்டாள் பிறந்த ஊரில்தான். மறுநாள் காலை பஸ் ஏறினோம். பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். கோபுரம் கண்ணுக்குத் தெரிந்ததும் நண்பர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வக்கீல் நண்பர் நோட்டீஸைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வக்கீல்கள் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி இல்லை என்று அர்த்தம்.

"இந்தச் சட்டத்துக்கு நீளமான ஓர் இங்கிலீஷ் பெயர் உண்டு, நாங்கள் 'சர்ஃபேசி' என்று சுருக்கமாகச் சொல்லுவோம். இதன் 34-ஆம் பிரிவு இருக்கிறதே, அது சிவில் கோர்ட்டுக் கதவைச் சாத்திவிட்டது. இங்கே பிராது கொடுக்க முடியாது. பாங்கி வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், அதிலிருந்து 45 நாளுக்குள் மதுரையில் இருக்கும் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும்" என்றார்.

"அப்படியானால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்டோம்.

"ஏன் இல்லை? நீங்கள் வீட்டைக் காலி செய்யாவிட்டால் பாங்கி 14-ஆம் பிரிவின்படி இங்கேதான் வரும். இதோ, தலைமைக் குற்றவியல் நடுவர் கோர்ட்டிலோ அல்லது விருதுநகரில் கலெக்டரிடமோ மனுக் கொடுத்து, போலீஸ் உதவியுடன் சுவாதீனம் எடுத்துக்கொள்ளும்" என்றார்.

ஒரே ஊர். பாங்கிக்கு அங்கே ஒரு கதவு திறக்கிறது. கடனாளிக்கு அங்கே கதவு இல்லை, மதுரைக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம்! இன்னும் பழைய நிலை நீடித்திருந்தால் மதுரைக்குப் போயும் பிரயோஜனம் இருந்திராது. பாங்கி கேட்கும் தொகையில் நூற்றுக்கு 75 பங்கைக் கட்டிய பிறகே தீர்ப்பாயத்தில் முறையிடலாம் என்று முதலில் சட்டம் செய்திருந்தார்கள். முக்கால்வாசி குணமான நோயாளிதான் வைத்தியரிடம் வரலாம் என்பது போன்ற ஏற்பாடு. மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அந்த நிபந்தனையைச் செல்லாது என்று தள்ளிவிட்டது.

நண்பருக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது: ஏலம் வரையில் போனாலும், ஏலத்தன்று காலையில் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டி வீட்டை மீட்டுவிடலாம் என்பது. வக்கீல் அதையும் அணைத்துவிட்டார். 2016-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பு கட்டினால்தான் மீட்கும் உரிமை. அறிவிப்பு வெளிவந்தால் அந்த உரிமை போயிற்று. பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்திற்று. இதை எத்தனை குடும்பங்கள் அறிந்திருக்கின்றன?

வெளியே வந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வரையில் போய்விட்டுப் பால்கோவா வாங்காமல் பஸ் ஏறியவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

* * *

இவ்வளவும் எழுதியதால் பாங்கிகளை நாம் ராக்ஷஸர்களாகச் சித்திரிப்பதாக யாரும் எண்ணக்கூடாது. பாங்கி கடனாகக் கொடுக்கும் பணம் பாங்கிக்காரரின் பாட்டன் சொத்து அல்ல. பென்ஷன் வாங்கும் பெரியவர், பெண் கல்யாணத்துக்காகச் சேர்க்கும் குமாஸ்தா, புருஷனை இழந்த ஸ்திரீ ஆகியோர் நம்பிப் போட்டுவைத்த பணம் அது. கொடுத்த கடன் திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை ராஜதானி இரண்டு முறை அனுபவித்திருக்கிறது. 1906-இல் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோதும், 1938-இல் திருவாங்கூர் நாஷனல் அண்டு குயிலான் பாங்கி மூடப்பட்டபோதும் எத்தனையோ குடும்பங்கள் தெருவில் நின்றன. ஆகையால் வசூலிப்பது பாங்கியின் உரிமை மாத்திரமல்ல, கடமையுங்கூட. கேள்வி, எப்போது, எப்படி என்பதுதான்.

இங்கேதான் பெரும்பாலோர் அறியாத ஒரு விஷயம் இருக்கிறது. தள்ளாடும் சிறு தொழில்களைக் கைதூக்கி விடுவதற்காக மத்திய சர்க்கார் 2015 மே மாதத்தில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. ரிசர்வ் பாங்கி 2016 மார்ச்சில் அதைப் பாங்கிகளுக்குக் கட்டளையாக்கியது. 25 கோடி ரூபாய் வரையில் கடன் உள்ள சிறு தொழில்களுக்கு இது பொருந்தும். கணக்கு கெட்டுப்போவதற்கு முன்பே, அதாவது அந்த 90 நாளுக்குள்ளேயே, நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். தொழில் நடத்துகிறவர் தாமே மனுக் கொடுத்தும் இதைத் தொடங்கலாம். பாங்கி மேலதிகாரியுடன் வெளியார் நிபுணர் ஒருவரும் ராஜ்ய சர்க்கார் பிரதிநிதியும் உட்கார்ந்து ஆராய்வார்கள். கணக்கைச் சீர்செய்வதா, தவணைகளை மாற்றியமைப்பதா, இரண்டும் முடியாதென்றால் வசூலில் இறங்குவதா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும். வசூல் என்பது மூன்றாவது வழி. முதல் வழி அல்ல.

புரோ நிட்ஸ் என்ற கம்பெனிக்கும் கனரா பாங்கிக்கும் நடந்த வழக்கில், இந்த ஏற்பாடு பாங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்டு 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் சொல்லிற்று. கடன்பட்டவரும் விழிப்பாயிருந்து, தாம் சிறு தொழில் நடத்துகிறவர் என்பதை உரிய காலத்தில் ஆதாரங்களுடன் பாங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லா நடவடிக்கையும் முடியும்வரையில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் வந்து 'நான் சிறு தொழிலாளி' என்று முறையிட்டால் செல்லாது. 2025-இல் வந்த மற்றொரு தீர்ப்பு, 60 நாள் நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போதாவது காரணங்களை விளக்கிப் பிரமாணப் பத்திரத்துடன் கோரினால், பாங்கி அதைப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது.

ஆக, இந்தச் சட்டங்களின் தயை தாக்ஷிண்யமெல்லாம் முன் பக்கத்தில் இருக்கின்றன; பயங்கரமெல்லாம் பின் பக்கத்தில். முதல் 90 நாளில் கேட்பவருக்குக் கதவு திறக்கும். நாள் போகப் போக ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வருகிறது. நமது ஜனங்களோ, கதவு திறந்திருக்கும் காலமெல்லாம் வெட்கப்பட்டுச் சந்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். கடைசிக் கதவு சாத்தும்போது ஓடிவந்து தட்டுகிறார்கள்.

தவறு முழுவதும் அவர்களுடையதுதானா? நண்பருக்கு வந்த இரண்டாவது கடிதத்தை நாம் மறுபடி எடுத்துப் பார்த்தோம். கடைசிப் பாராவில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், 'தொழிலில் சிரமம் இருந்தால் கிளையை அணுகவும்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. இங்கிலீஷில்! கடன் கொடுக்கும்போது தமிழில் சுவர் முழுவதும் விளம்பரம் செய்யத் தெரிந்த பாங்கிக்கு, கடனாளி பிழைப்பதற்கான ஒரு வரியைத் தமிழில் எழுதத் தெரியாதா?

* * *

மிச்சமிருந்த நாட்களில் நண்பரின் வீடு ஓர் ஆபீஸாக மாறிற்று. நூல் வாங்கிய கணக்கு, துணி விற்ற கணக்கு, வர வேண்டிய பாக்கி, கையில் உள்ள ஆர்டர், எத்தனை வருஷத்தில் எப்படிக் கட்ட முடியும் என்ற உத்தேசம் எல்லாவற்றையும் எழுதினார்கள். முக்கால்வாசியை எழுதியவர் நண்பரின் மனைவி. சிறு தொழில் பதிவுச் சான்றையும் பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்து, கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது மூவருமாகப் பாங்கிக்குப் போனோம். வெளியூர் வியாபாரிக்கும் 45 நாள் சட்டத்தைக் குறிப்பிட்டு, மரியாதையாக ஆனால் தெளிவாக, ஒரு கடிதம் போயிற்று.

மானேஜர் காகிதங்களைப் பொறுமையாகப் புரட்டினார். "இதை எட்டு மாதத்துக்கு முன்னால் கொண்டுவந்திருந்தால் நானே சிபார்சு எழுதியிருப்பேனே, ஸார்!" என்றார்.

"நீங்கள் ஒரு தடவை கொட்டகைக்கு வந்து கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேனே!" என்றார் நண்பர்.

இரண்டு பேரும் சற்று நேரம் பேசாமலிருந்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

திரும்பும் வழியில் காந்தி கலை மன்றத்தைக் கடந்து வந்தோம். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் பிரதம மந்திரியாகவும் முதல் மந்திரியாகவும் இருந்த ஸ்ரீ பி. எஸ். குமாரசாமி ராஜாவின் சொந்த வீடு அது. ஊருக்கென்று அவர் கொடுத்துவிட்டார். நண்பர் சற்று நின்று அந்தக் கட்டடத்தைப் பார்த்தார். மனமுவந்து வீட்டைக் கொடுப்பது ஒன்று. கதவில் நோட்டீஸு ஒட்டி, இரண்டு பத்திரிகைகளில் விளம்பரம் செய்து எடுத்துக்கொள்ளப்படுவது வேறொன்று. அவர் மனத்தில் ஓடியது என்னவென்று நாம் கேட்கவில்லை.

பாங்கிகளுக்கு நாம் சொல்வது இதுதான்: 30 நாள் தவறியதும் ஒரு தமிழ்க் கடிதம், 60 நாள் தவறியதும் ஒரு மனிதர், தறிக் கொட்டகைக்கு நேரில் வரட்டும். ஏலத்துக்குப் பிறகு கிடைப்பது ஒரு வீட்டின் விலை. தறி ஓடினால் கடனும் வரும், எட்டுக் குடும்பங்களும் பிழைக்கும். சிறு தொழில் நடத்தும் சகோதரர்களுக்குச் சொல்வது: கடிதத்தை வந்த அன்றே பிரியுங்கள், அன்றே பதில் எழுதுங்கள், அன்றே மனைவியிடம் சொல்லுங்கள். கடன்படுவது அவமானமல்ல. பதில் எழுதாமலிருப்பதுதான் ஆபத்து.

நண்பரின் கோரிக்கைக்குப் பாங்கி 15 நாளுக்குள் காரணத்துடன் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இதை எழுதும்போது அந்தப் பதில் வரவில்லை. சாதகமாக வருமா, பாதகமாக வருமா என்று சொல்வதற்கு நாம் ஜோசியர் அல்ல. ஒன்று மட்டும் நிச்சயம். அந்த வீட்டில் இப்போது தபால் வாங்கும் உத்தியோகத்தை நண்பரின் மனைவி ஏற்றுக்கொண்டிருக்கிறார். கடிதம் வாசலிலேயே பிரிக்கப்படும். பஞ்சாங்கத்துக்கு அடியில் இனி இடமில்லை.